ரெண்டு விரல்

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் ஜெயினுலாபுதீன் சோற்றுக்குப் போகவில்லை. நேராகப் பட்டறைக்கு வந்தார். மூலையில் நின்ற லாரியில் ஏறி உட்கார்ந்து இடது காலால் கிளட்சை அழுத்திப் பார்த்தார். பெடல் பாதி தூரம் தொளதொளவென்று சும்மாவே போயிற்று. பிடி மறுபடியும் கீழே இறங்கியிருந்தது.

காலையில்தான் அதைச் சரி செய்திருந்தார். அடியில் படுத்து, கிளட்ச் ராடை நாலு சுற்றுச் சுற்றி, நட்டை இறுக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். இது நாலாவது வெள்ளிக்கிழமை. வண்டி ஓடினால் கிளட்ச் தட்டு தேயும், தேய்ந்தால் பிடி மேலே ஏறும். எந்த வண்டிக்கும் அதுதான் விதி. நின்ற இடத்தில் நிற்கிற வண்டியில் பிடி தானாகக் கீழே இறங்கியதாக உலகத்தில் எந்த மெக்கானிக்கும் சொன்னதில்லை. செங்கல்பட்டு சுற்றுவட்டாரத்துக்கே கிளட்ச் வைத்தியர் என்று பெயர் வாங்கிய மனிதருக்கு இது விளங்கவே இல்லை. பக்கவாட்டுக் கண்ணாடியின்மேல் அவர் கட்டிவைத்திருந்த துணி அவிழ்ந்து கீழே கிடந்தது. கண்ணாடியைப் பார்க்காமலே இறங்கிவிட்டார்.

பிடி என்றால் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. கிளட்சை முழுக்க மிதித்துவிட்டு மெல்லக் காலைத் தளர்த்தினால், பெடல் மேலே வருகிற வழியில் ஓர் இடத்தில் எஞ்சின் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும், வண்டி நகரும். அந்த இடம்தான் பிடி. பொண்டாட்டி கோபம் எந்தப் பேச்சில் ஆரம்பிக்கும் என்று புருஷனுக்கு யோசிக்காமலே தெரிகிற மாதிரி, அது எங்கே இருக்கிறதென்று டிரைவரின் இடது காலுக்குத் தெரியும்.

போன வருஷம், எழுபத்து மூன்று பங்குனி வரைக்கும் அந்த லாரி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டிலிருந்து ஐஸ் பாளம் ஏற்றிக்கொண்டு போய் நெம்மேலிக் குப்பத்தில் இறக்கும். அங்கிருந்து மீன் ஏற்றி வரும். சொந்தக்காரர் கோதண்டராமன், உள்நாட்டு விவசாயக் குடும்பம், நிலத்தை விட்டுவிட்டு லாரித் தொழிலில் இறங்கியவர். ஐஸ் உருகுகிறதே என்ற கவலையில் தானும் கூடவே உருகுகிற அவசரக்காரர். ஒருநாள் மெட்ராஸ் போய், ஏதோ வெளிநாட்டு மண்வாரி எந்திரத்திலிருந்து கழற்றிய டர்போ ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் வாங்கிவந்தார். நத்தைக் கூடு மாதிரி சுருண்ட இரும்பு.

"பாய், இத நம்ம வண்டிக்கு மாட்டிக் குடு. திருக்கயுக்குன்றம் மேட்டுல எஞ்சினு மூச்சு வாங்குது" என்றார்.

எஞ்சின் துப்புகிற புகையாலேயே சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான் அது. அப்படி ஒன்றை ஜெயினுலாபுதீன் அதுவரை தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் முடியாது என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. பன்னிரண்டு நாள் படுத்துக் கிடந்து மாட்டிவிட்டார். எஞ்சினுக்குப் புது பலம் வந்தது. அந்த பலத்தைப் பழைய கிளட்சால் தாங்க முடியவில்லை. எஞ்சின் கத்தும், தட்டு வழுக்கும், வண்டி நகராது. ஆகவே கெட்டியான ஸ்பிரிங்கும் தடித்த தட்டும் போட்டார். இப்போது பிடி இரும்பாக இருந்தது. ஆனால் இடம் மாறிவிட்டது. பெடலின் நடுவில் இருந்த பிடி தரைப் பலகைக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. ராடை இன்னும் நாலு சுற்றுச் சுற்றினால் பழையபடி நடுவுக்கு வந்திருக்கும். கோதண்டராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐஸு ஏத்தியாச்சு பாய். தண்ணியா போவுது."

"சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று ஜெயினுலாபுதீன் ஸ்பேனரைத் துடைத்து ஆணியில் மாட்டினார். மனிதன் செய்கிற பாவங்களில் பாதி, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்பதில்தான் ஆரம்பிக்கிறது.

அன்றைக்கு வண்டியை ஜெயினுலாபுதீனே ஓட்டினார். வண்டியின் டிரைவர் திருவேங்கடம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். மேட்டில் ஏறும்போது டர்போ விசில் அடித்தது. இருவரும் சின்னப் பையன்கள் மாதிரி சிரித்தார்கள். குப்பத்து ஐஸ் கொட்டகை முன்னால் வண்டி நின்றதும், இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. புகழ்ச்சிக்கு மயங்காத மெக்கானிக் உண்டா? ஜெயினுலாபுதீன் சீட்டை விட்டுக் குதித்தார்.

"வேங்கடம், நீ பின்னால தள்ளி வுடு. கிளட்ச் மாறிட்டுகீது, ரெண்டு விரல்ல புடிக்கும், பாத்துக்க."

"ரெண்டு விரலா? சரி பாய்."

அவ்வளவுதான் பேச்சு. அவர் டீக்கடைப் பக்கம் போய் நத்தையின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தார். வேங்கடம் ரிவர்ஸ் கியரைப் போட்டான். லோடுமேன் சாலமோன் கொட்டகைச் சுவரை ஒட்டி, லாரிக்குப் பின்னால் நின்றான். எட்டு வருஷமாக அவன் காட்டுகிற கையைக் கண்ணாடியில் பார்த்துத்தான் வேங்கடம் வண்டியை ஒதுக்குவான். சரிவில் கிளட்சை மிதித்தபடியே வண்டி தானாக உருண்டு, பலகை போடும் அளவுக்கு இடைவெளி வந்தாயிற்று. இன்னும் ஒரு மயிரிழை வேண்டும் என்று சாலமோன் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். லோடுமேன்கள் பாஷையில் அதற்கு அர்த்தம், இன்னும் ரெண்டு விரல் வா. வேங்கடம் காலைக் கொஞ்சம் தளர்த்தினான். லாரி பின்னால் பாய்ந்தது.

பழைய எஞ்சினாக இருந்தால் முனகிவிட்டு நின்றிருக்கும். இது நிற்கவில்லை. சாலமோனைச் சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டுத்தான் நின்றது.

போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்தார்கள். கிளட்ச் மாறியிருப்பதை டிரைவரிடம் சொன்னீரா என்று ஜெயினுலாபுதீனைக் கேட்டார்கள். சொன்னேன், ரெண்டு விரலில் பிடிக்கும் என்று சொன்னேன் என்றார். சொன்னாரா என்று வேங்கடத்தைக் கேட்டார்கள்.

"சொன்னாரு சார். ரெண்டு விரல்னுதான் சொன்னாரு" என்று வேங்கடம் கையை நீட்டிக் காட்டினான். ஒரு கையைப் பெடல் மாதிரி சாய்த்து, மேல் நுனியில் இன்னொரு கையின் இரண்டு விரலை வைத்தான். "இந்த எடத்துல புடிக்கும்னு வுட்டேன் சார். அதுக்குள்ள இஸ்துகினு போயிடுச்சு."

ஜெயினுலாபுதீன் அந்தக் கையைப் பார்த்தார். பட்டறைக்காரர்கள் தரைப் பலகையிலிருந்து விரல் வைத்து அளப்பார்கள்; டிரைவர்கள் பெடல் நிற்கிற உச்சியிலிருந்து அளப்பார்கள். அவர் சொன்னது கீழேயிருந்து ரெண்டு விரல். அவன் கேட்டது மேலேயிருந்து ரெண்டு விரல். பிடிக்கவே இன்னும் நேரமிருக்கிறது என்று நினைத்துக் காலைத் தளர்த்தியவனுக்கு, பிடி எப்போதோ தாண்டிப் போயிருந்தது. 'கீழேர்ந்து' என்று ஒரு வார்த்தை. அப்போதே, அந்த மேஜைக்கு முன்னால் அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கை வைத்த இடமெல்லாம் துலங்கும் என்று வாங்கிய பேர் போய்விடும். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். இருவரும் சொன்னது ஒத்துப்போகிறது என்று எழுதிக்கொண்டார்கள்.

சாராயக்கடை திறந்திருந்த காலம். டிரைவர் என்றால் குடித்துத்தான் இருப்பான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வேங்கடம் ஆறு மாதம் ஜெயிலில் இருந்தான். லைசென்ஸ் போயிற்று. திரும்பி வந்த கொஞ்ச நாளில் அவன் பெண்டாட்டி சரோஜா திருவிடந்தையிலிருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஜெயினுலாபுதீன் அவனைக் கூப்பிட்டுப் பட்டறைக்கு வாட்ச்மேனாக வைத்துக்கொண்டார். பாய்க்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊர் பேசியது. ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் அவருக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

போன மாதம் லாரியும் பட்டறைக்கே வந்து சேர்ந்தது. எந்த டிரைவரும் அதில் ஏறச் சம்மதிக்கவில்லை. சரி பண்ணி வை, யாராவது வெளியூர்க்காரன் தலையில் கட்டிவிடலாம் என்றார் கோதண்டராமன். ஜெயினுலாபுதீன் முதல் வேலையாக அந்த நாலு சுற்றைச் சுற்றினார். பிடி நடுவுக்கு வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பழையபடி கீழே, தரையிலிருந்து ரெண்டு விரல். சாலமோன் செத்த அன்றைக்கு இருந்த அதே இடம்.

அதிலிருந்து அவருக்குத் தூக்கம் கெட்டது. தொழுகையில் உட்கார்ந்திருக்கும்போதே இடது கால் தானாக எதையோ மிதிக்கத் தேடியது. கண்ணாடியில் ஒரு தரம் சுவரோரம் ஆள் நிற்கிற மாதிரி தெரிந்தது. நின்றவன் கை தூக்கியிருந்தான். திரும்பிப் பார்த்தால் சுவர்தான். அன்றைக்குத்தான் துணியைக் கட்டினார். மறு வெள்ளிக்கிழமை துணி அவிழ்ந்திருந்தது, கண்ணாடியும் வேறு பக்கம் சாய்ந்திருந்தது. பின் சக்கரம் ஒரு சாண் தள்ளி நின்றது.

பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இட்லிக்கடை வைத்திருந்த முனியம்மா ஒருநாள் அவரை நிறுத்தினாள்.

"இன்னா பாய், உன் வண்டி வெள்ளிக்கெயம ஆனா விசிலு அடிக்குது? நீங்கல்லாம் பள்ளிக்குப் போன நேரத்துல. எனக்கு இட்லிக் குண்டான்ல கை வெக்க முடியல, அப்புடி நடுங்குது."

"வேங்கடத்தக் கேட்டியா?"

"கேட்டேனே. ஒண்ணும் கேக்கலையேன்றான். அவனுக்குக் கேக்காத விசிலு எனக்கு மட்டும் எப்புடிக் கேக்குது?"

வேங்கடத்தை அவர் சந்தேகப்படவில்லை. அவன் அந்த லாரியின் பக்கமே போக மாட்டான். வாசலில் ஸ்டூலைப் போட்டு, லாரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். மழை பெய்தால்கூட அந்தப் பக்கத்துக் கூரைக்கு ஒதுங்க மாட்டான்.

வீட்டில் மனைவி அக்தர் பேகத்திடம் மட்டும் சொன்னார். அவள் அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நட்டு லூசா இருந்திச்சா?"

"இல்ல. இறுக்கமாத்தான் கீது."

"பேய்க்கும் ஜின்னுக்கும் ஸ்பேனர் எதுக்குங்க?" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள். "உங்க மனசுல இன்னா கீது? ஜெயிலுக்குப் போன மாதிரி கீறீங்க ஒண்ணர வருசமா."

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். அவருக்குப் பேயைவிட, அது பேயில்லையென்றால் என்ன செய்வது என்பதுதான் பயமாக இருந்தது. பேய் என்றால் தாயத்து கட்டலாம். ஆள் என்றால், அந்த ஆளுக்கு உண்மை தெரிந்திருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டுக் கிளம்பியவர், பள்ளியின் பாங்கு அழைப்பு கேட்கும்போது பாதி வழியில் நின்றார். எல்லோரும் பள்ளிக்கு வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் ஏரிக்கரைப் பக்கமாகத் திரும்பி நடந்தார். வெயில் கொளுத்தியது. பட்டறையின் தகரக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. கையை வைக்கப் போனபோது உள்ளே எஞ்சின் உறுமியது. பிறகு விசில். நீளமாக, மேட்டில் ஏறின அன்றைக்குக் கேட்ட அதே விசில். ஓடிவிடலாமா என்றுதான் நினைத்தார். ஓடினால் இனி சாகிறவரை ஓட வேண்டும் என்றும் தோன்றியது. பக்கத்துச் சந்து வழியாகப் போய், பின்பக்க வேலியைத் தாண்டி உள்ளே குதித்தார்.

லாரியின் சீட்டில் வேங்கடம் உட்கார்ந்திருந்தான்.

கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். காலை மெல்லத் தளர்த்தினான். லாரி பின்னால் ஒரு உதறு உதறியது. உடனே பிரேக்கை மிதித்தான். மறுபடியும் முன்னால் எடுத்து, மறுபடியும் ரிவர்ஸ் போட்டு, மறுபடியும் தளர்த்தினான். கன்னம் நனைந்திருந்தது. உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

ஜெயினுலாபுதீன் கதவருகே போய் நின்றார். வேங்கடம் திடுக்கிட்டு எஞ்சினை நிறுத்தினான். திருட்டில் பிடிபட்டவன் மாதிரி இறங்கப் போனான்.

"உக்காரு" என்றார் அவர். "நீதான் இறக்கி வெக்கறியா?"

"ஆமா பாய். கோச்சிக்காத. நீ வந்து சரி பண்ணி வெச்சிட்டுப் போறே. நடுவுல புடிச்சா எனக்கு ஒண்ணும் தெரியல. அன்னிக்கு இருந்த மாதிரி இருந்தாத்தான தெரியும்? நட்டு இருந்த தடம் ராட்லயே கீது. அதான் நீ போனப்புறம் பயய எடத்துக்கே வெச்சிக்கறேன்."

"இன்னா தெரியணும் உனக்கு?"

வேங்கடம் தன் இடது தொடையில் கையால் ஓங்கி அடித்தான்.

"இந்தக் கால் அன்னிக்கு இன்னா பண்ணிச்சுன்னு தெரியணும். ரெண்டு விரல்னு நீ சொன்னே. உச்சிக்கு ரெண்டு விரல் இருக்கறப்பதான புடிக்கணும்? அது வரிக்கும்கூட நான் வுடலியே. எத்தினியோ தபா ஓட்டிப் பாத்துட்டேன். ஒவ்வொரு தபாவும் ரெண்டு விரல் வர்றதுக்குள்ள இஸ்துகினு போவுது. கால்தான் பொய் சொல்லுது பாய். குடிச்ச காலு."

"நீ எங்கடா குடிச்சே? காலைலேர்ந்து எங்கூடத்தான இருந்தே?"

"அப்புடித்தான் மொதல்ல நானும் சொல்லிக்கினு இருந்தேன். எல்லாரும் சொன்னாங்க. ஜெயில்ல சொன்னாங்க, சரோஜாவோட அண்ணன் சொன்னான். ராத்திரி குடிச்சது காலைல தெளியாம இருந்திருக்குமோன்னு ஆயிடுச்சி. அப்புறம் நானே ஒத்துக்கினேன். நெம்மேலிக்குப் போயி சாலமோன் பொண்டாட்டி கால்ல வுயுந்து, குடிச்சிருந்தேன் வசந்தா, மன்னிச்சிடுன்னு அயுதேன். அது காதுல பட்டுத்தான் சரோஜா வூட்ட வுட்டுப் போச்சு." அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பினான். "அவன் அங்கியே நின்னுகினு கை காட்றான் பாய். கோவமே இல்ல அவன் மூஞ்சில. வா வான்றான்."

பேய் என்று ஒரு மாதமாக ஜெயினுலாபுதீன் பயந்தது, தம் பொய்யை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்த மனிதனுக்குத்தான். படியில் ஏறி, வேங்கடத்தின் முழங்காலைத் தாண்டி உள்ளே குனிந்தார். தரைப் பலகையின்மேல் இரண்டு விரலை வைத்தார்.

"நான் சொன்னது இது. கீழேர்ந்து ரெண்டு விரல். நீ மேலேர்ந்துன்னு நெனச்சே. டிரைவருங்க அப்புடித்தான் நெனைப்பீங்க. எனக்கு அது தெரியும். அவசரத்துல சொல்லாம வுட்டேன். ஸ்டேஷன்ல நீ கையை வெச்சுக் காட்டினப்பவே எனக்குப் புரிஞ்சிபோச்சு. தெரிஞ்சும் வாய மூடிக்கினேன். உன் கால்மேல ஒரு தப்பும் இல்ல."

வேங்கடம் அந்த விரல்களைப் பார்த்தான். கத்துவான், அடிப்பான் என்று ஜெயினுலாபுதீன் தலையைக் குனிந்துகொண்டார். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"இன்னொரு தபா சொல்லு" என்றான் வேங்கடம்.

சொன்னார்.

"நான் குடிக்கலல்ல?"

"குடிக்கல."

"இன்னொரு தபா சொல்லு பாய்."

பள்ளியில் ஜும்மா முடிந்து ஆட்கள் தெருவில் பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அதுவரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் வேங்கடம் முதல் தடவை கேட்பவன் மாதிரி கேட்டான்.

இரண்டு மணி பஸ்ஸில் இருவரும் மாமல்லபுரம் போய், அங்கிருந்து கடலோர பஸ் ஏறினார்கள். திருவிடந்தைக்குத்தான் டிக்கெட் எடுத்தான் வேங்கடம். சரோஜாவிடம் பாய் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பது அவன் ஏற்பாடு. வழியெல்லாம் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டே வந்தான். நெம்மேலியில் பஸ் நின்றதும் ஜெயினுலாபுதீன் எழுந்தார். அந்த ஊர் மண்ணை அவர் மிதித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

"இது இல்ல பாய். இன்னும் தூரம் கீது."

"மொதல்ல இங்கதான்" என்று அவர் இறங்கினார்.

வசந்தா வலைக்குடிசை நிழலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். வேங்கடத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெயினுலாபுதீன் அவளுக்கு எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். நாலு சுற்றைச் சொன்னார், விரலைச் சொன்னார், ஸ்டேஷனைச் சொன்னார். பக்கத்துக் குடிசைகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். அவர்களும் கேட்கட்டும் என்று இன்னும் உரக்கச் சொன்னார்.

அவள் கையிலிருந்த கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

"தெனம் காலைல எய்ந்ததும் இந்த ஆளத்தான் திட்டுவேன்" என்றாள். "பல்லு வெளக்கறதுக்கு முன்னால. நாசமா போவன்னு சொல்லிட்டுத்தான் அடுப்பு பத்த வெப்பேன். அவ்ளோ திட்டும் இவருக்குப் போயிடுச்சே."

"இனிமே என்னத் திட்டும்மா" என்றார் ஜெயினுலாபுதீன்.

அவள் எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். வேங்கடத்துக்கு முன்னால் ஒரு பலகையை இழுத்துப் போட்டாள்.

"உக்காந்து குடிண்ணா" என்று சொம்பை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டு குடித்தான். ஜெயினுலாபுதீனை அவள் உட்காரச் சொல்லவில்லை. அவன் குடித்து முடிக்கும்வரை அவர் வெயிலிலேயே நின்றார்.